நாங்கள் கேட்டது அண்டா

யாக்கோமினாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று வாய்தெமா ஊரில் எல்லாரும் சொல்வார்கள். சொல்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ஆண்கள். அந்தக் கோபம் எதற்காக வருகிறது என்று மட்டும் ஒருத்தர் வாயிலிருந்தும் வராது. வந்தால் அவர்கள் பேரும் கூடவே வருமே!

மிசோல் தீவின் தென்கரையில், தண்ணீருக்கு மேல் கம்பம் நட்டுக் கட்டிய நாற்பது வீடுகள், ஒரு கிறிஸ்தவச் சபை, ஒரு படகுத்துறை, அவ்வளவுதான் வாய்தெமா. அங்கே பெண்கள் குழுவுக்குத் தலைவி அவள். வயது நாற்பத்தைந்து. மினா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் கட்டை, தோள் அகலம், பாக்குப் போட்டுச் சிவந்த வாய். அந்த வாய்க்கு ஊர்த்தலைவர் மெல்கியாஸே பயப்படுவார்.

பதினாறு வருஷத்துக்கு முன்னால் அவள்தான் சபைக் கூட்டத்தில் எழுந்து நின்று கேட்டாள். "கடல்ல எங்களுக்குன்னு ஒரு துண்டு குடுங்க. நாங்களே மூடுறோம், நாங்களே திறக்குறோம்."

அந்தக் கரையில் கடலை மூடுவது புதிதல்ல. சாசி என்று அதற்குப் பேர். ஆராதனையில் போதகர் ஜெபம் பண்ணி, காணிக்கைத் தட்டில் காசு போட்டு, கரையில் பலகை நட்டுவிட்டால் மூடியது மூடியதுதான். மறுபடி ஜெபம் பண்ணித் திறக்கும்வரை ஒரு சிப்பியைக்கூடத் தொடக்கூடாது. தென்னந்தோப்பையும் அப்படி மூடுவார்கள். மூடிய தோப்பில் தேங்காய் பறித்த ஒருத்தன் மரத்திலிருந்து விழுந்து இன்றைக்கும் இடுப்பைச் சாய்த்துத்தான் நடக்கிறான். அதனால் எவனும் விளையாட மாட்டான். ஆனால் மூடுவதும் திறப்பதும் அதுவரைக்கும் ஆண்கள் வேலையாகவே இருந்தது.

கூட்டத்தில் சிரிப்பான சிரிப்பு. "பொம்பளைங்களுக்குக் கடலா? அடுப்பை மூடி வச்சா எங்களுக்குச் சோறு யாரு போடுறது?" என்று ஒருத்தர் கேட்டார். கடைசியில், போனால் போகிறது என்று, முனைக்குப் பின்னால் கிடந்த திட்டைக் கொடுத்தார்கள். ஏன் கொடுத்தார்கள் தெரியுமா? வெளியூர்ப் படகுகள் வந்து வெடி போட்டு, பவளம் எல்லாம் நொறுங்கி, மீன் குஞ்சுகூட இல்லாமல் வெள்ளையாகக் கிடந்த இடம் அது. குப்பையைத் தூக்கிக் கொடுத்துவிட்டுத் தர்மம் பண்ணியதாக முகத்தை வைத்துக்கொண்டார்கள்.

பதினெட்டுப் பெண்கள் அந்தக் குப்பையை மூடினார்கள். இரண்டு வருஷம் முறை வைத்து ஓடத்தில் போய்க் காவல் இருந்தார்கள். வெயிலில் முதுகுத் தோல் உரிந்தது. மூன்றாம் வருஷம் மேற்குக் காற்று ஓய்ந்ததும் திறந்து முங்கிப் பார்த்தால், மணல் முழுக்கக் கடல் அட்டை! ஒவ்வொன்றும் ஒரு முழங்கைத் தடிப்பு. தபித்தா மேலே வந்து ஓடத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். தபித்தா மினாவுக்கு நாத்தனார், புருஷனின் தங்கை.

கடல் அட்டையைக் குடல் எடுத்து, அவித்து, காயவைத்தால் நகரத்து வியாபாரி வந்து வாங்கிப்போவார். அந்தக் காசில் மினாவின் குழு நகரத்தில் ஒரு வீடு கட்டியது. ஒன்பதாம் வகுப்புக்கு மேல் படிக்க ஊரில் பள்ளிக்கூடம் கிடையாது. பையன்கள் எங்காவது படகில் படுத்துக்கொண்டாவது படித்துவிடுவார்கள், பெண்பிள்ளைகள் எங்கே போவார்கள்? அவர்களுக்குத்தான் அந்த வீடு. இப்போது பதினொரு பிள்ளைகள் அங்கே தங்கிப் படிக்கிறார்கள். ஒரு வருஷம் கடல் பொய்த்தால் பதினொன்றும் மூட்டையைக் கட்டிக்கொண்டு திரும்பி வரவேண்டியதுதான்.

பொய்க்காமல் இருக்க மினா ஒரு வழி வைத்திருந்தாள். திட்டு முடிகிற இடத்தில் கடல் திடீரென்று இறங்கிப் பள்ளமாகும். அந்தப் பள்ளத்தில்தான் கிழட்டு அட்டைகள் கிடக்கின்றன. பெரிசு பெரிசாக, அசையாமல். அவற்றின் குஞ்சுகள்தான் வருஷா வருஷம் திட்டுக்கு ஏறி வருகின்றன என்று அவள் கண்டுபிடித்திருந்தாள். புத்தகத்தில் படித்ததல்ல, காவல் இருந்த நாளிலேயே முங்கி முங்கிப் பார்த்துத் தெரிந்துகொண்டது. அதனால் முதல் தடவை திறந்தபோதே ஆராதனையில் எல்லாரையும் சொல்ல வைத்தாள்: மூச்சைப் பிடித்து முங்கி எட்டுகிற ஆழம் எங்களுடையது, எட்டாத ஆழம் ஆண்டவருடையது. பிடித்தது மணிக்கட்டிலிருந்து நடுவிரல் நுனிவரை இல்லையென்றால் அதையும் திரும்பத் தண்ணீரில் விட்டுவிட வேண்டும். பள்ளத்துக்கு எந்தப் பெண்ணின் மூச்சும் எட்டாது. எட்டாததால்தான் எல்லாம் நிலைத்தது.

ஆக, பதினாறு வருஷம் யார் கையையும் எதிர்பார்க்காமல் நடந்த காரியம் இது. இது நிலைப்பதற்கு உதவி செய்கிறேன் என்று ஒருத்தர் வந்தால் வயிறு எரியுமா எரியாதா?

வந்தவர் பேர் டெனி. மாகாணத் தலைநகரத்திலிருந்து விசைப்படகில் வந்தார். பளபளவென்று சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. பெண்கள் குழுக்களின் வருமானத்தை நிலைக்கவைக்கும் அரசாங்கத் திட்டமாம். "உங்களுக்கு என்ன தேவையோ எழுதிக் குடுங்கம்மா" என்றார்.

மினா முதலில் ஒன்றும் வேண்டாம் என்றுதான் சொன்னாள். தபித்தாதான் காலை நீட்டிக் காட்டினாள். போன வருஷம் அட்டை அவிக்கும்போது, பாதியாக வெட்டிய பழைய டீசல் பீப்பாய் அடி விட்டுப்போய், கொதிக்கிற தண்ணீர் அவள் பாதத்தில் கொட்டிவிட்டது. மூன்று விரல் ஒட்டிக்கொண்டு இன்னும் விந்திவிந்தித்தான் நடக்கிறாள்.

"அண்ணி, ஒரு நல்ல அண்டாவாவது கேளேன்" என்றாள். "என் கால் போனது போகட்டும். அடுத்தவ காலும் போகணுமா?"

அதுவும் நியாயம்தான். மினாவே தன் கையால் எழுதினாள். அவிப்பதற்குக் கனமான அண்டா இரண்டு. காயவைக்கும் பரணுக்குக் கூரைத் தகரம் பதினைந்து. அவ்வளவுதான். டெனி ஐயா அதை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

மூன்று மாதம் கழித்து, நவம்பரில் ஒரு சனிக்கிழமை, சரக்குப் படகில் ஒரு பெரிய மரப்பெட்டி வந்து இறங்கியது. நான்கு பேர் சேர்ந்து தூக்க வேண்டியிருந்தது. படகுக்காரன் அவசரம் அவசரமாகக் கையெழுத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

இப்போது மினா பண்ணிய தப்பைச் சொல்ல வேண்டும். அவள் நினைவு வரும்போதெல்லாம் இன்றைக்கும் தலையில் அடித்துக்கொள்கிற தப்பு. அந்த ஊரில் புதிதாக வலை வந்தாலும், துடுப்பு வந்தாலும், என்ன வந்தாலும், கட்டை அவிழ்ப்பதற்கு முன்னால் சபைக்குக் கொண்டுபோய் ஜெபம் பண்ணிவிடுவார்கள். அவிழ்த்துவிட்டால் கண்டவன் கண்ணும் பட்டுவிடும் என்று நம்பிக்கை. அப்படி ஜெபம் பண்ணிய சாமான் சாசிக்குச் சொந்தமாகிவிடும். சாசிக் கடலைத் திறக்கும்போது அந்தச் சாமானைக் கொண்டுதான் தொழில் செய்யலாம்.

ஞாயிற்றுக்கிழமை பெட்டியைச் சபைக்குத் தூக்கினார்கள். மினா முன்பக்கம் பிடித்துக்கொண்டாள். அத்தனை கனம்!

"ரெண்டு அண்டாவையும் ஒண்ணுக்குள்ள ஒண்ணா வச்சிருப்பாங்க" என்றாள் தபித்தா.

"தகரத்தையும் சுருட்டி உள்ள வச்சிருக்கானோ என்னவோ. கனத்தைப் பாரேன்" என்றாள் மினா. அன்றைக்கு அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நினைத்தால் இப்போதும் மனசு கேட்கமாட்டேன் என்கிறது.

போதகர் எசேக்கியேல் பெட்டிமேல் கை வைத்து உருக்கமாக ஜெபித்தார். பெண்கள் இரண்டு பாட்டுப் பாடினார்கள். பிறகு வாசலில் வைத்துக் கட்டை அவிழ்த்து மூடியைப் பிளந்தார்கள்.

உள்ளே சிவப்பாக ஒரு இரும்புத் தொட்டி, அதன்மேல் ஒரு மோட்டார், பக்கத்தில் சுருள் சுருளாக மஞ்சள் குழாய்கள், வாயில் கவ்விக்கொள்ள இரண்டு ரப்பர்த் துண்டுகள். காற்றை அடைத்துக் குழாய்வழியே அனுப்புகிற கம்ப்ரஸர். அதைக் கவ்விக்கொண்டால் ஒருத்தன் ஒரு மணிநேரம் கடலடியில் நடக்கலாம். பள்ளத்தின் அடிவரைக்கும் நடக்கலாம்.

ஆண்கள் பக்கத்திலிருந்து முதலில் ஒரு விசில், அப்புறம் சிரிப்பு.

மெல்கியாஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நல்லாப் பாட்டெல்லாம் பாடினீங்களேம்மா! இனிமே இது சாசிக்குச் சொந்தம். நாங்க ஒண்ணும் சொல்லல, நீங்களே ஜெபம் பண்ணிட்டீங்க!"

மினாவுக்குக் காது மடல் வரைக்கும் கொதித்தது. கேட்டது என்ன, வந்தது என்ன! இதையா நானே முன்பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தேன் என்று தன்மேலேயே ஆத்திரமாக வந்தது.

அந்த வாரமே வெள்ளிக்கிழமை டெனி ஐயா படம் எடுக்கிற ஆளோடு வந்து இறங்கினார். ஊர்ச் சாவடியில் கூட்டம். ஞாயிற்றுக்கிழமை கடலைத் திறந்து, இயந்திரத்தை வைத்து முங்குவதைப் படம் பிடித்து அனுப்ப வேண்டுமாம். கடல் திறக்க இன்னும் நாலு மாதம் இருக்கிறது என்பதெல்லாம் அவர் காதில் ஏறவில்லை.

மினா எழுந்தாள். "ஐயா, நாங்க கேட்டது அண்டா."

"பாத்தேம்மா, உங்க கடிதத்தைப் பாத்தேன்." அவர் குரல் தேன் மாதிரி இருந்தது. "ஆனா எங்க பட்டியல்ல அண்டா இல்ல. அண்டான்னா அது சமையல் பாத்திரத்துல வந்துடும். உற்பத்திக் கருவில வராது."

"அதுலதானே ஐயா அட்டையை அவிக்கிறோம்? அவிக்காம எவன் வாங்குவான்?"

"அது சரிதாம்மா. ஆனா பொம்பளைங்க குழுவுக்குப் பாத்திரம் பண்டம் வாங்கிக் குடுத்தோம்னு மேல தெரிஞ்சா எங்களைக் கிழிச்சுடுவாங்க. பொம்பளைங்களை இன்னும் அடுப்படியிலயே வச்சிருக்கீங்களான்னு கேப்பாங்க. அதனாலதான் இயந்திரம். நவீனமா இருக்கும்."

எப்படி இருக்கிறது பாருங்கள்! பெண்களுக்கு அண்டா கொடுத்தால் பெண்களுக்கு அவமானமாம்.

"சரி, இதைக் கவ்விக்கிட்டு முங்கப்போறது யாரு? நானா, கால் வெந்த தபித்தாவா?"

"நீங்க எதுக்கும்மா கஷ்டப்படணும்? ஆம்பளைங்க ஒத்தாசை பண்ணுவாங்க. தினக்கூலிக்கு முங்குறதுக்கு நாலு பேர் பேர் குடுத்திருக்காங்க." அவர் தாளைப் பார்த்துப் படித்தார். முதல் பேர் ஒத்னியேல்.

ஒத்னியேல் மினாவின் புருஷன். பின்வரிசையில் உட்கார்ந்திருந்தான். எல்லாரும் திரும்பிப் பார்க்க, அவன் சுண்ணாம்பு டப்பாவுக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தான்.

மினா விறுவிறுவென்று வெளியே வந்துவிட்டாள். தபித்தா விந்திக்கொண்டே பின்னால் ஓடி வந்தாள். "அண்ணி, கோவிச்சுக்காத. ஒரே ஒரு தடவைதானேன்னு நம்ம பொம்பளைங்கள்லயே நாலு பேர் சொல்றாங்க. பிள்ளைங்க தங்குற வீட்டுக்குக் கூரை ஒழுகுது. பள்ளத்துல இருக்கறதை ஒரு தடவை எடுத்துட்டா..."

"எடுத்துட்டா? அடுத்த வருஷம் திட்டுல என்ன இருக்கும், உன் மூஞ்சியா? அப்புறம் அந்த வீட்டுக்குக் கூரை எதுக்குடி, உள்ள இருக்க யாரு மிஞ்சுவா?"

தபித்தாவின் பெண்ணும் அந்த வீட்டில்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்த ஒத்னியேலுக்கு மினா சேகோ மரத்து மாவுக் களியையும் மஞ்சள் மீன் குழம்பையும் எடுத்து வைத்தாள். வைத்த விதத்தில் தட்டு குதித்தது.

"என்ன இப்ப? நான் என்ன திருடவா போறேன்?" என்றான் அவன். "கூலிக்குப் போறேன். எல்லாரும் என்னை மினா புருஷன், மினா புருஷன்னுதான் கூப்பிடறான். ஒருநாளாவது என் பேரைச் சொல்லி ஒருத்தன் கூலி குடுக்கட்டுமே!"

"பேருக்காகவா பள்ளத்தைத் துடைக்கப்போற? உன் பொண்ணு அந்த வீட்டுல இருந்துதானே படிச்சா? இன்னைக்கு அவ நர்சு. யாரு படிக்கவச்சது, உன் பேரா?"

"உனக்கு ஆம்பளைங்கன்னாலே ஆகாது."

"ஆம்பளை ஆகாதுன்னு யாரு சொன்னா? அண்டா கேட்டா குழாயைக் குடுக்கறவன்தான் ஆகாது. அந்தக் குழாயைப் போய்க் கவ்வறவனும் ஆகாது!"

அவன் களியைத் தொடாமல் எழுந்து, துணியைச் சுருட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டான். இருபத்துநாலு வருஷத்தில் முதல் தடவை. மினா அவன் தட்டைப் பார்த்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். சின்னச் சண்டை என்றால் அழுதிருப்பாள். இது அழுகைக்கு அப்பால் போய்விட்டிருந்தது. மெல்கியாஸின் சிரிப்புதான் திரும்பத் திரும்பக் காதில் விழுந்தது. நாங்க ஒண்ணும் சொல்லல, நீங்களே ஜெபம் பண்ணிட்டீங்க. இனிமே இது சாசிக்குச் சொந்தம்.

பாக்கை வாய்க்குள் போடப்போன கை பாதியில் நின்றது. எழுந்து, முகம் கழுவிக்கொண்டு, தபித்தா வீட்டுக்கு நடந்தாள். அங்கிருந்து அடுத்த வீடு, அடுத்த வீடு என்று பொழுது சாய்வதற்குள் பதினேழு வீட்டையும் முடித்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சபை நிரம்பி வழிந்தது. இயந்திரத்தைத் துடைத்துப் பீடத்துக்கு முன்னால் வைத்திருந்தார்கள். டெனி ஐயா முதல் வரிசையில். படம் எடுக்கிறவர் ஜன்னலோரமாக முக்காலியை நட்டு நின்றார். நான்கு ஆண்களும் முங்குவதற்கு அரைக்கால் சட்டையோடு தயாராக வந்திருந்தார்கள், ஆராதனைக்கு வருகிற கோலமா அது! அதில் ஒத்னியேலும் ஒருத்தன்.

திறப்பு ஜெபத்துக்கு முன்னால் போதகர் குழுத் தலைவியிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். அதுதான் முறை. எசேக்கியேல் நல்ல மனுஷன், ஆனால் ஊர்த்தலைவரைப் பகைத்துக்கொள்ளத் துணிச்சல் இல்லாதவர். தொண்டையைக் கனைத்துக்கொண்டு கேட்டார். "யாக்கோமினா, கடல் தயாரா?"

மினா எழுந்தாள். "போதகர் ஐயா, அதுக்கு முன்னாடி எனக்கு ஒரு சந்தேகம். ஜெபம் பண்ணின சாமான் சாசிக்குச் சொந்தம்தானே?"

"ஆமா."

"ஊர்த்தலைவரே, நீங்களும் அப்படித்தானே சொன்னீங்க?"

"சொன்னேன், சொன்னேன்" என்றார் மெல்கியாஸ் பெருமையாக. "சாட்சிக்கு ஊரே இருக்கு."

"சாசிக்குச் சொந்தமானதை மூடறதும் திறக்கறதும் யாரோட பாத்தியதை?"

போதகர் ஓரக்கண்ணால் ஊர்த்தலைவரைப் பார்த்தார். "குழுவோடது. உங்களோடது."

"அவ்வளவுதான் ஐயா, தெரிஞ்சுக்கிட்டேன்." அவள் பெஞ்சுக்கு அடியிலிருந்து ஒரு பலகையை எடுத்தாள். கரையில் நடுகிற அதே மாதிரிப் பலகை, புதிதாகச் சாயம் அடித்தது. நேராக நடந்து போய் இயந்திரத்தின் மேல் அதைச் சார்த்தி வைத்தாள். பக்கத்தில் காணிக்கைத் தட்டை வைத்து, மடியிலிருந்து ஒரு காசையும் நாலு பாக்கையும் போட்டாள். "வாய்தெமா பெண்கள் குழு இந்த இயந்திரத்தை மூடுது. ஜெபம் பண்ணுங்க ஐயா."

மெல்கியாஸ் துள்ளி எழுந்தார்.

"என்ன கூத்து இது! கடலை மூடலாம், மரத்தை மூடலாம். இரும்பைப் போய் எவனாவது மூடுவானா?"

"இரும்புக்கு ஜெபம் பண்ணலாம்னா இரும்பை மூடவும் செய்யலாம் அண்ணே. போன ஞாயித்துக்கிழமை சிரிச்சீங்களே, இப்பச் சிரிங்க!"

டெனி ஐயாவின் முகம் வெளுத்துவிட்டது. "அம்மா, அம்மா, இது அரசாங்கச் சொத்து..."

"எங்ககிட்டதானே கையெழுத்து வாங்கினீங்க? பொம்பளைங்க குழுவுக்குத்தானே குடுத்தீங்க? இல்ல, குழுவுக்குன்னு தாள்ல எழுதிட்டுக் குழாயை மட்டும் ஆம்பளைங்க வாயில குடுத்தீங்களா?" அவள் குரல் கூரையில் பட்டுத் திரும்பியது. "பதினாறு வருஷம்! எங்க மூச்சை வச்சு, எங்க மூச்சு எட்டுறதை மட்டும் எடுத்து, எங்க பிள்ளைங்களைப் படிக்கவச்சோம். ஒருத்தன் வந்து எட்டிப் பாக்கல. ஒழுங்கா நடக்குதுன்னு தெரிஞ்சதும் நிலைக்கவைக்க வந்துட்டீங்க. ரெண்டே ரெண்டு அண்டா ஐயா! அது குடுக்க உங்களுக்குப் பட்டியல்ல இடமில்ல!"

அப்போது பின்னாலிருந்து பலகைத் தரையில் ஒரு சத்தம். டக், இழுப்பு. டக், இழுப்பு. தபித்தா விந்தி விந்தி நடுவழியில் வந்தாள். தட்டில் ஒரு காசைப் போட்டாள். அதற்குப் பிறகு ஒவ்வொருத்தியாக எழுந்து வந்தார்கள். ஒரே தடவைதானே என்று சொன்ன நாலு பேரும் வந்தார்கள். பதினெட்டுக் காசும் விழுந்தபின், போதகர் எசேக்கியேல் மெல்கியாஸ் பக்கம் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு ஜெபித்தார். நன்றாகவே ஜெபித்தார்.

"எத்தனை நாளைக்கும்மா மூடியிருக்கும்?" என்று டெனி ஐயா இறங்கிய குரலில் கேட்டார்.

"அண்டா வர்ற வரைக்கும்" என்றாள் மினா.

அரைக்கால் சட்டைக்காரர்கள் நாலு பேரும் இயந்திரத்தைச் சுற்றிக்கொண்டு, உடம்பில் படாமல், ஒதுங்கி ஒதுங்கி வெளியே போனார்கள். சாய்ந்த இடுப்போடு நடக்கிறவன் வாசலில்தான் நின்றிருந்தான். அவனைப் பார்த்தபின் எவனுக்கு அந்தக் குழாயைத் தொட மனசு வரும்?

படம் எடுக்கிறவர் வந்ததற்கு ஒரு படம் எடுத்தார். பதினெட்டுப் பெண்களும் இயந்திரத்தைச் சுற்றி நிற்கிற படம். அது டெனி ஐயாவின் அலுவலகச் சுவரில் பெரிதாகத் தொங்குகிறதாம், நவீனக் கருவியை மகிழ்ச்சியோடு பெற்றுக்கொள்ளும் பெண்கள் என்று கீழே எழுதி. மினாவின் பெண் நர்சு வேலையாக அந்தப் பக்கம் போனபோது பார்த்துவிட்டு வந்து சொன்னாள். அதைக் கேட்டு மினா துப்பிய பாக்கு எச்சில் படகுத்துறையின் மறுபக்கம் போய் விழுந்தது.

அண்டா வரவில்லை. குழுவின் ஒத்துழைப்பு போதாது என்று எழுதிப் பட்டியலிலிருந்தே பேரை அடித்துவிட்டார்கள். வாய்தெமா பெண்கள் மறுபடியும் பழைய பீப்பாயை வெட்டி, அடியில் களிமண் பூசித்தான் அட்டை அவித்தார்கள். பூசியதைத் தினமும் காலையில் மினாவே தட்டிப் பார்ப்பாள். இயந்திரம் சபை வாசலில் நின்று உப்புக்காற்றில் துருப்பிடித்தது. வருஷா வருஷம் கடலைத் திறப்பதற்கு முன்னால், அதன்மேல் இருக்கிற பலகைக்குப் புதுச்சாயம் அடித்துவிட்டுத்தான் மற்ற வேலை.

ஒத்னியேல் நாலு மாதம் கழித்து, கடல் திறந்த அன்றைக்குக் காலையில் வந்தான். மினா ஓடத்தைத் தள்ளிக்கொண்டிருந்தாள். அவன் பின்பக்கம் பிடித்துத் தள்ளினான்.

"களி இருக்கா?" என்றான்.

"இருக்கு. நீயே எடுத்துப் போட்டுக்க."

மூன்று வருஷம் கழித்து வேறொரு அதிகாரி வந்தார். இந்தத் தடவை ஒரு அம்மா. கொடுத்த உதவியெல்லாம் என்ன ஆயிற்று என்று ஊர் ஊராகக் கேட்டு எழுதுகிற வேலை. வந்த நேரம் திட்டில் அறுவடை நடந்துகொண்டிருந்தது. அந்த அம்மாவைத் தபித்தா ஓடத்தில் ஏற்றிக் கூட்டிக்கொண்டு வந்தாள். சுற்றிலும் பெண்கள் முங்குவதும், மேலே வந்து புஸ்ஸென்று மூச்சை விடுவதும், ஓடத்துக்குள் அட்டையைப் போடுவதுமாக இருந்தார்கள். மினா ஓடத்து விளிம்பைப் பிடித்துத் தண்ணீரில் தொங்கிக்கொண்டு, பிடித்ததைக் கையில் வைத்து அளந்துகொண்டிருந்தாள்.

"நீங்கதான் தலைவியாம்மா? சில கேள்வி இருக்கு" என்று அந்த அம்மா தாளை எடுத்தார். "குடுத்த கருவி இயங்குதா?"

"இல்ல."

"வருமானத் திட்டம் இப்பவும் தொடர்ந்து நடக்குதா? ஆமா, இல்லன்னு மட்டும் சொன்னாப் போதும்."

மினா கையிலிருந்ததை அளந்தாள். நடுவிரல் நுனிக்கு ஒரு விரற்கடை குறைந்தது. அதைத் தண்ணீருக்குள் விட்டாள். "இல்லன்னே போட்டுக்குங்க."

அந்த அம்மா எழுதப்போய் நிறுத்தினார். ஓடம் நிறையக் கிடந்த அட்டையைப் பார்த்தார், முங்கி எழுகிற தலைகளைப் பார்த்தார். "அப்ப இதெல்லாம் என்னம்மா?"

"இதைப் போடறதுக்கு உங்க தாள்ல எங்கயாச்சும் இடம் இருக்கா?"

அந்த அம்மா பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது. "இல்லையேம்மா. நாங்க குடுத்ததைப் பத்தி மட்டும்தான் இருக்கு."

"பரவால்ல. ரெண்டு அண்டான்னு எழுதறதுக்காவது இடம் இருக்கான்னு பாருங்க."

அந்த அம்மா தாளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மினா மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் போய்விட்டாள்.